துரும்புக்கு ரசீது கிடையாது

1

போன ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து தங்கராசு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். பின்னால் ஜீப் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் விடியற்காலையில் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிற ஜீப் அவனுடையது. அவனுக்கும் என் வயதுதான். எட்டாம் வகுப்பில் இருவரும் ஒன்றாகத் தோற்றோம். அவன் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது.

“மாப்ளே, ஒரு சங்கதி. சிரிக்காத. கோம்பையில ஒரு பிள்ள இருக்கு. பிள்ளன்னா நாப்பது வயசு இருக்கும். புருஷன் வேண்டாம்னு கோர்ட்டுல தீத்துக்கிட்டு வந்துருச்சு. நம்ம ஜீப்புலதேன் மேல வேலைக்கு வருது. நல்லாப் பேசுது. பழகலாமா, வேண்டாமா? உனக்குத்தேன் இதுல அனுபவம் இருக்கு. வெரசாச் சொல்லு.”

அனுபவம் என்று அவன் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. என் விஷயம் போடியிலும் சிலமலையிலும் தேவாரத்திலும் பாதிப் பேருக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாத பங்கையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எழுதி முடித்தால் தங்கராசுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்குமோ என்று பார்க்கிறேன்.

2

நான் இப்போது இருப்பது குவாத்தமாலாவில், கோபான் என்கிற மலை ஊரில். ஏலக்காய் விளைகிற நாடுகள் உலகத்தில் கொஞ்சம்தான். போடிக்காரன் எவ்வளவு தூரம் ஓடினாலும் அதில் ஒன்றில் போய்த்தான் விழுவான் போலிருக்கிறது. பதினான்கு வயதில் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகு போட ஆரம்பித்தேன். பிறகு போடியில் தரம் பிரிக்கும் வேலை, பிறகு கொச்சி, பிறகு சவுதியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் பல வருடம். இங்கே வாங்குகிற காயை நின்று பார்த்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்று அவர்தான் என்னை அனுப்பினார். வந்து ஆறு வருடம் ஆகிறது. எந்த ஊரிலும் இருக்கிறேன் என்று நான் நினைத்ததில்லை. வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இங்கே பாதி வருடம் நூல் மாதிரி தூறல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு இவர்கள் சொல்லும் பெயர் சிப்பி சிப்பி. காலை ஆறு மணிக்கு ஸ்டோருக்குப் போனால் உலர்த்தும் அறையின் சூட்டில் சட்டை காயும். வெளியே வந்தால் நனையும். வாசனை ஒன்றுதான். கண்ணை மூடினால் போடிமெட்டு என்று சொல்ல ஆசைதான், ஆனால் இங்கே பேச்சு வேறு. ஸ்பானிஷ் எனக்கு அரைகுறை. கூலிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் மலைமொழி அந்த அளவுக்குக்கூடத் தெரியாது.

காய் பொறுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி மார்த்தா. ஐம்பது வயதுக்காரி. போன மாதம் அவளுக்கு லாரி ஓட்டுகிற ஒருவரோடு இரண்டாவது கல்யாணம் நடந்தது. முதல் புருஷனை விவாகரத்து செய்த தீர்ப்பை, நம் ஊரில் ரேஷன் கார்டுக்குச் செய்வதுபோலக் கண்ணாடித் தாள் ஒட்டிக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். பதிவு அலுவலகத்தில் அதை எடுத்து மேஜையில் வைத்தாளாம், ஒரு முத்திரை குத்தினார்களாம், வேலை முடிந்ததாம்.

ஊரில் நான் கட்டிக்கொள்ள இருந்த ஈஸ்வரியைப் பற்றி மார்த்தாவுக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் சாயந்திரப் போன் பேச்சுக்காக என்னைக் கேலி செய்தவள் அவள்தான். “உன் பெண்ணுடைய காகிதம் எங்கே?” என்று அப்போது ஒரு நாள் கேட்டாள். அவளுடைய விவாகரத்து காகிதம் இல்லை, துரும்பு என்று சொன்னேன். துரும்புக்கு ஸ்பானிஷில் பாஹா. போனில் பார்த்துத்தான் சொன்னேன். மார்த்தாவின் முகம் மாறிவிட்டது. என் தோளில் கை வைத்து, “உன்னை ஏமாற்றிவிட்டாளா?” என்றாள். இந்த நாட்டுப் பேச்சில் பாஹா என்றால் பொய் என்று எனக்குத் தெரியாது. ஈஸ்வரியின் விவாகரத்து சுத்தப் பொய் என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

தப்பைத் திருத்தி, கைச்சாடை காட்டி, தரையில் கிடந்த காய்ந்த புல் ஒன்றை எடுத்துக் காட்டி விளக்கினேன். மார்த்தா இன்னும் குழம்பினாள்.

“இதைக் கையில் கொடுத்தால் கல்யாணம் முடிந்துவிடுமா?”

“முடிந்துவிடும்.”

“கையெழுத்து?”

“கிடையாது.”

“ரசீதாவது தருவார்களா?”

துரும்புக்கு ரசீது கிடையாது என்றேன். அவள் அந்தப் புல்லை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டாள்.

3

எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களில் புருஷன் பெண்டாட்டியைத் தீர்த்துவிடுவதென்றால் பெரியவர்கள் கூடுவார்கள். பேசி முடித்ததும் புருஷன் ஒரு துரும்பை எடுத்து அவளிடம் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவனும் கட்டிக்கொள்ளலாம், அவளும் கட்டிக்கொள்ளலாம். துரும்பு வாங்கினவள் என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை. இப்போதெல்லாம் கூடவே பத்திரத்திலும் எழுதிக்கொள்கிறார்கள். நான் சொல்லும் அன்றைக்கு எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர் சின்னமனூர் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை. சவுதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். தங்கராசு சிலமலைக்கு லோடு இறக்கப் போனான். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் ஏறிக்கொண்டேன். ஊர்க் களத்தில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். லோடு இறக்கிய பிறகு என்னவென்று பார்க்கப் போனோம்.

ஈஸ்வரிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். தேவாரத்துப் பெண். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன், “எனக்கும் இவளுக்கும் ஒத்து வரல, இனிமே முடியாது” என்று மட்டும் சொன்னான். அவன் வேறொரு இடத்தில் பேசி முடித்துவிட்டான் என்பது கூட்டத்துக்கே தெரிந்திருந்தது. ஈஸ்வரியின் அண்ணன் சரி என்று தலையாட்டினான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், “யாருப்பா அங்கன, ஒரு துரும்பு கொண்டா” என்றார்.

வைக்கோல் படப்பை ஒட்டி நின்றது நான்தான். ஒன்றை உருவிக்கொண்டு போய் நீட்டினேன்.

“கணு ஒடிஞ்சிருக்கே அப்பு. நல்லதா எடு” என்றார்.

என் பிழைப்பே நல்லதைப் பார்த்து எடுப்பது. கை தன்பாட்டில் வேலை செய்தது. நாலைந்தை உருவிப் பார்த்துக் கழித்துவிட்டு, நேராக, மஞ்சள் மங்காமல், நுனி முறியாமல் இருந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். “ம், இது துரும்பு” என்று என்னைப் பாராட்டினார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பெரியவர் அதைப் புருஷன் கையில் கொடுத்தார். அவன் அவளிடம் நீட்டியபோது, குழந்தை வலது இடுப்பில் இருந்ததால் ஈஸ்வரி இடது கையை நீட்டினாள். “வலது கையில வாங்குத்தா” என்றார் பெரியவர். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வலது கையில் வாங்கினாள். வாங்கிய பிறகு குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிள்ளை அப்பன் வீட்டில் வளரும், ஆத்தாக்காரி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. குழந்தை அழுதது. அவள் அழவில்லை.

திரும்பும் வழியில் நானும் தங்கராசும் புரோட்டா தின்றோம். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

4

மூன்று வருடத்துக்கு முன்பு இங்கிருந்து விடுமுறையில் போயிருந்தபோது, போடியில் பழைய முதலாளி ஒருவரின் ஸ்டோருக்குப் போனேன். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வெடித்த காயையும் காம்பையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ஏண்ணே, சிலமல களத்துல துரும்பு எடுத்துக் குடுத்தது நீங்கதான?”

முறங்கள் எல்லாம் நின்றன. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

“நல்ல துரும்பாத்தேன் எடுத்திருக்கீங்க. எட்டு வருசமாச்சு, இன்னும் ஒடியல.”

“வச்சிருக்கியாத்தா அத?”

“பிள்ளையோட பழைய சட்டைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். அவகளுக்குத்தேன் புதுப் பொண்டாட்டி வந்துருச்சு. எனக்குன்னு அந்த வீட்டுல இருந்து வந்தது அது ஒண்ணுதான.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கிளம்பும்போது அவளே வாசலுக்கு வந்து, “அங்கிட்டு பொம்பளைகளுக்கு இந்தச் சோலி இருக்குமாண்ணே? விசாரிச்சுச் சொல்லுங்க” என்றாள். போன் நம்பர் கொடுத்தேன். ஒரு குற்றத்தைக் குறைக்கிற மாதிரி இருந்தது.

வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. அவளுக்குக் காலை ஆறரை என்றால் இங்கே முந்தின நாள் சாயந்திரம் ஏழு மணி. தேவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிடுவாள், போடி வந்ததும் வைத்துவிடுவாள். தேவாரத்துத் தோட்டங்களில் யானை இறங்கியது, ஸ்டோரில் யார் யாரோடு சண்டை, மகள் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கு, இவ்வளவுதான் பேச்சு. சனிக்கிழமைகளில் மகளைச் சிலமலையிலிருந்து பஸ் ஏற்றி அனுப்புவார்கள். போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பேக்கரியில் தாயும் மகளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஈஸ்வரியின் வாரம் அந்த ஒரு மணி நேரத்தை நோக்கித்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முழுக்க மகள் சொன்னதாகவே இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் வெளி ஆணை அண்ணே என்று கூப்பிடுவது மரியாதை மட்டும் இல்லை. அது வேலி. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் கெட்ட நினைப்பு எதுவும் நடமாடக் கூடாது என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுவது. ஈஸ்வரி ஒரு பேச்சுக்கு இருபது அண்ணே போடுவாள். ஒரு நாள் காலை, அவளுக்குக் காலை, போனை எடுத்ததும் “சாப்பிட்டீங்களா?” என்றாள். அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. தவறிப்போய் விட்டிருப்பாள் என்று நினைத்து அண்ணே வருகிறதா என்று பேச்சு முடியும்வரை காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன் இடத்தில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை, ஒரு காலியிடம்தான் இருந்தது. வெளிநாட்டில் இதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணும் ஆணும் பழக ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் அந்தக் காலியிடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பதினான்கு மாதம் அது காலியாக இருந்தது.

5

அடுத்த விடுமுறைக்குப் போனபோது எங்கே சந்திப்பது என்று தெரியவில்லை. போடியில் நாற்பது கடந்த ஒருவனும் துரும்பு வாங்கின ஒருத்தியும் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் டீ வருவதற்குள் செய்தி போய்விடும். தங்கராசுதான் வழி சொன்னான். “ஜீப்புல ஏறுங்க. ஜீப்புல உக்காந்தவகளுக்கு ஒறவு கிடையாது, எடந்தேன் உண்டு.”

ஆக, நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து வெளியே போனது பதினோரு கூலிப் பெண்களோடு. நான் பின்கதவோரம், ஈஸ்வரி உள் மூலையில். நடுவில் சாப்பாட்டுத் தூக்குகள்.

“ஏத்தா ஈஸ்வரி, ஸ்டோருல சோலி இல்லையா? காட்டு வேலைக்கு வர்ற?” என்றாள் ஒருத்தி.

“மேலதேன் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவமேன்னு.”

“மேல என்ன இருக்கு? அட்டைதேன் இருக்கு.”

“இந்த அண்ணன் ஆரு?” என்றாள் இன்னொருத்தி.

தங்கராசு திரும்பாமலே, “வெளிநாட்டு ஏலக்காக்காரரு. நம்ம காயப் பாக்க வந்திருக்காரு” என்றான்.

“காயப் பாக்கத்தேன் வந்திருக்காரா? பார்வ உள்மூலைக்கில்ல போகுது.”

ஜீப் வளைவில் திரும்பியபோது எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிரித்தார்கள். ஈஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவள் காது சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

போடிமெட்டில் ஜீப் பத்து நிமிடம் நிற்கும். டீக்கடைக்குப் பின்னால், கீழே போடி தெரிகிற இடத்தில் நின்றோம். என்னிடம் சொல்ல ஒரு திட்டம் இருந்தது. பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவளைக் கோபானுக்குக் கூட்டிப்போவது. அதற்கு முதல் கல்யாணம் தீர்ந்தது என்று நீதிமன்றக் காகிதம் வேண்டும். இரண்டு அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன், தேனியில் வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசியாகிவிட்டது, அவள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“இங்கனயே இருந்துற முடியாதா?”

“இங்கன இருந்து என்ன செய்ய?”

“எல்லாரும் செய்யிறதத்தேன். கோயில்ல ஒரு மால. அப்பறம் போடியில ஒரு வீடு. அதுக்கு யாரும் பேப்பரு கேக்கப்போறதில்ல. சனிக்கெழம பிள்ளையும் வரும்.”

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தேன். போடியில் ஒரு வீடு, தினமும் அதே தெரு, அதே ஸ்டோர். மூன்றாவது வாரமே எனக்குக் கால் அரிக்கும் என்று எனக்குத் தெரியும். பதினான்கு வயதிலிருந்து நான் எந்த ஊரிலும் கதவுக்கு நிறம் பார்த்துப் பெயிண்ட் அடித்ததில்லை.

“எல்லாம் முறையா நடக்கட்டும். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது” என்றேன்.

“பேப்பரு எனக்கா, உங்க பயணத்துக்கா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தங்கராசு ஹாரன் அடித்தான். அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

இருந்தாலும் மறுநாள் தேனிக்கு வந்தாள். வக்கீல் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

6

வக்கீல் நல்ல மனிதர். விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். வழக்கப்படி தீர்த்துவிட்டதைச் சட்டம் ஒத்துக்கொள்ளும், ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதையும், அன்றைக்கு அது நடந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஈஸ்வரி பையிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து, அதற்குள்ளிருந்து துரும்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வக்கீல் சிரிக்கவில்லை. அவருடைய குமாஸ்தா சிரித்துவிட்டார். “இத எப்படிம்மா நம்பர் போட்டு ஃபைல்ல வைக்கிறது?” என்றார். வக்கீல் அதை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைக்கச் சொன்னார். “இது இருக்கட்டும். சாட்சி யாரு?”

களத்தில் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் இறந்துபோயிருந்தார். ஈஸ்வரியின் அண்ணன் ஊர்ப்பகைக்குப் பயந்து வரமாட்டேன் என்றான். சிலமலைக்காரர்கள் யாருக்கும் அன்றைக்கு என்ன நடந்தது என்று நினைவில்லையாம். தங்கராசு அப்போது வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போயிருந்தான், கையில் கொடுத்ததை அவன் பார்க்கவில்லை.

“நான் பாத்தேன் சார். துரும்பு எடுத்துக் குடுத்ததே நாந்தேன்” என்றேன்.

வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும்தான் கல்யாணம் பண்ணிக்கப்போறீங்க?”

அந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அன்று சாயந்திரம் என் அக்காதான் புரியவைத்தாள். அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் விருப்பமில்லை. “காய் பாத்து வாங்குறவன், வெடிச்சதப் போயி எடுக்கிற” என்று ஏற்கெனவே சொன்னவள். அன்றைக்கு அந்த மாதிரி பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கோர்ட்டுல ஏறி நின்னு என்னடா சொல்லுவ? துரும்பு எடுத்துக் குடுத்ததும் நாந்தேன், இப்ப அவளக் கட்டிக்கப்போறதும் நாந்தேன்னா? ஊரு என்ன சொல்லும்? அப்பவே ரெண்டு பேத்துக்கும் சோலி இருந்திருக்கு, அதுக்குத்தேன் இவனே வந்து துரும்பக் கிள்ளிக் குடுத்து அவள வெட்டி விட்டுட்டுப் போயிருக்கான்னு சொல்லாது?”

“நான் அன்னைக்குத்தான அவளையே பாத்தேன்.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சிலமலைக்குத் தெரியுமா? அவளுக்குப் பொம்பளப் பிள்ள இருக்குடா தம்பி.”

நியாயம் நம் பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மனுவைப் போடச் சொல்லிவிட்டு, சாட்சிக்கு வந்துவிடுவதாக வக்கீலிடம் சொல்லிவிட்டு, விடுமுறை முடிந்து விமானம் ஏறினேன். ஏறியது நான் மட்டும்தான்.

7

நோட்டீஸ் சிலமலைக்குப் போனது. ஈஸ்வரியின் பழைய புருஷன் வீட்டில் இல்லாத நேரம், இரண்டாவதாகக் கட்டியவள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். துரும்பு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் தன் கதி என்ன என்று அவளுக்குப் பயம். அவள் பக்கத்து ஆட்கள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். அவன் அந்தக் கோபத்தை எங்கே காட்ட முடியுமோ அங்கே காட்டினான்.

அந்தச் சனிக்கிழமை மகள் வரவில்லை. ஈஸ்வரி பேக்கரியில் மூன்று பஸ் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. “வேல இருக்கும், பரீட்ச இருக்கும்” என்று போனில் அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். மூன்றாவது வாரம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறாள். மகள் வந்தாள். கையைக் கொடுக்கவில்லையாம். பதிமூன்று வயதுப் பிள்ளை. கேட்டது ஒரே கேள்வி.

“அம்மா, அந்த மாமாதேன் அப்பாட்ட துரும்பக் குடுத்தாகளாம்ல? நீ சொல்லித்தேன் குடுத்தாகளா?”

இதை எனக்குச் சொன்ன அன்று ஈஸ்வரி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து பேசினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

நான் என்னென்னவோ சொன்னேன். வக்கீலிடம் பேசுகிறேன், பிள்ளையைப் பார்க்கவும் மனு போடலாம், அடுத்த மாதமே டிக்கெட் எடுத்து வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“நேத்து தேனிக்குப் போயி மனுவ வாபஸ் வாங்கிட்டேன் அண்ணே.”

வாங்கிட்டேன் என்பதைவிட அதற்குப் பின்னால் வந்த சொல்தான் முதலில் என் காதில் விழுந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல” என்றேன்.

“நீங்க கேட்டீங்களாண்ணே? அன்னைக்குக் களத்துலயும் என்னைய யாரும் கேக்கல. வலது கையில வாங்குன்னாக, வாங்குனேன். தேனியிலயும் கேக்கல. இங்கன போடு, அங்கன போடுன்னாக, போட்டேன். நீங்க உங்க அக்காட்டக் கேட்டீங்க, வக்கீல்ட்டக் கேட்டீங்க, ஆபீஸ் ஆபீஸாப் போயிக் கேட்டீங்க. நான் போடிமெட்டுல ஒண்ணு கேட்டேன். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதிலில்ல.”

“ஈஸ்வரி.”

“கோவமில்லண்ணே. பிள்ள சனிக்கெழம வரணும், அவ்வளவுதேன். அந்தத் துரும்புகூட ஃபைல்ல இருந்து எடுக்கையில ஒடிஞ்சு போச்சு. பின்னு அடிச்ச எடத்துல. ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே.”

நான்கு முறை அண்ணே. எண்ணியது நான்தான். அவள் எண்ணிச் சொல்லியிருக்க மாட்டாள்.

மகள் மறுபடியும் சனிக்கிழமைகளில் வருகிறாள் என்று தங்கராசு ஒரு மாதம் கழித்துச் சொன்னான். இப்போது ஒரு மணி நேரம் இல்லை, அரை மணி நேரம். கூட ஒரு ஆள் வந்து அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறானாம்.

8

நாளை என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போக வேண்டும். படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர். நான் முதல் கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டியவன். நாற்பத்து நான்கு வயதில் அதில் ஒரு பொய்யும் இல்லை, எந்தக் காகிதமும் கேட்க மாட்டார்கள். ஈஸ்வரியிடம் இந்தப் படிவத்தை நீட்டினால் எந்தக் கட்டத்தில் வைப்பாள் என்று யோசித்துக்கொண்டு இன்று சாயந்திரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தங்கராசைக் கூப்பிட்டேன். அங்கே ஆறரை மணி, ஜீப் நிரம்பிக்கொண்டிருந்தது.

“என்ன மாப்ளே, ஒரு வாரமா யோசிக்கிற? பழகலாமா வேண்டாமா?” என்றான். ஒரு வரியில் பதில் வேண்டும் அவனுக்கு. தீர்த்துக்கொண்டு வந்தவள் என்பதில் ஒரு பயமும் இல்லை, பயப்பட வேண்டியது போய்ப் பழகுகிறவனைப் பார்த்துத்தான் என்று சொல்ல நினைத்தேன். எஞ்சின் சத்தத்தில் அது காதில் ஏறாது.

“அது உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுது?” என்று கேட்டேன்.

“யாரு, கோம்பைக்காரியா? அண்ணேன்னுதேன். டிரைவரண்ணே, டிரைவரண்ணேன்னு.” யாரோ ஏறினார்கள், தூக்குவாளி இடிக்கும் சத்தம் கேட்டது. “இரு. இப்ப ரெண்டு வாரமா ஒண்ணுஞ் சொல்லக் காணமே. எறங்குறேன், போறேன்னு மொட்டையாப் பேசுது. ஏன் மாப்ளே, கோவமா இருக்குமோ?”

“அது ஜீப்புல இருக்கா இப்ப?”

“இருக்கு. உள்மூலையில.”

“அப்ப என்னைய ஏண்டா கேக்குற? போடிமெட்டுல நிறுத்துவீல்ல, அங்கன அதுகிட்டக் கேளு. அது திருப்பி ஒண்ணு கேட்டுச்சுன்னா, பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காத.”

“ஹாரன் அடிக்கிறதே நாந்தானடா” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.